வெறுங்கை மாதத்தின் தோத்திரம்

பனையை நம்பிப் பிழைத்த ஊர்களில் மார்கழி வருமானம் இல்லாத மாதம். தை பிறந்து பாளை விட்டால்தான் ஏறுகிறவர்களுக்கு வேலை. அதற்குப் பிறகு ஆடி, ஆவணி வரைக்கும் ஒவ்வொரு மரத்திலும் தினம் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். பதநீர் இறங்கும், அடுப்பு எரியும், சிரட்டையில் கருப்பட்டி உறையும். புரட்டாசியில் மரம் ஓய்ந்துவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குப் போய்விடும். மார்கழியில் பரணில் ஏற்றி வைத்திருந்த கருப்பட்டியும் தீர்ந்து, அடுத்த பருவத்துக்கான முன்பணத்தைக் கேட்டு வியாபாரி வீட்டு வாசலில் நிற்கிற நேரம். சரியாக அந்த மாதத்தில்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வரும்.

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே செம்மணல் மேடாகக் கிடக்கும் குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் பிறந்தவள் நான். அப்பா பனையேறி. ஆசிரியைப் பயிற்சி முடித்து, சபைப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது மறுபடியும் இந்தப் பக்கத்துக்கே வந்து குடியிருக்கிறேன். எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று ஊட்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மழை வெறித்த பிறகு வாடை அடிக்கும். விடிகாலையில் தேரி மணல் சில்லென்று பாதத்தில் ஒட்டும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனிக்கு மார்கழிதான் தொடக்கம். ஆவணியில் புதைத்த பனங்கொட்டை இப்போது கிழங்காகியிருக்கும். அந்தக் கிழங்கும் இல்லையென்றால் பல வீடுகளில் மார்கழி ராத்திரிகள் இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

அந்த மாதத்தின் விடியல்கள் பாட்டால் நிறைந்தவை. ஆழ்வார்திருநகரிப் பக்கம் போனால் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். எங்கள் தெருவில் பஜனை. ஆர்மோனியப் பெட்டியை ஒருவர் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். டோலக்கும் கைத்தாளமும் கூட வரும். முன்னால் ஒருவர் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டே வீடு வீடாகப் போவோம். கடைசி வீட்டில் சுக்குத் தட்டிப் போட்ட கருப்பட்டிக் காப்பி கிடைக்கும். குளிருக்கு அது இதமாக இறங்குவதை இன்றைக்கும் தொண்டையில் உணர்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த பிற மத ஆசிரியைகள் கேட்பதுண்டு: "டீச்சர், டிசம்பர் முழுக்க உங்க சர்ச்சுல என்னதான் நடக்கு?" கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் ஆகமன காலம், அதாவது இயேசுவின் வருகைக்குக் காத்திருக்கும் காலம். 25-ஆம் தேதி விடியலில் பிறப்பின் ஆராதனை. 31-ஆம் தேதி நள்ளிரவில் ஆண்டு முடிவின் ஆராதனை. இவ்வளவையும் எந்தக் காலண்டரிலும் பார்த்துக்கொள்ளலாம். வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாததும், என் விசுவாசம் முழுவதும் எதில் நிற்கிறது என்று கேட்டால் நான் காட்டுவதுமான ஒரு வழக்கம் வேறே உண்டு. அது தோத்திரக் காணிக்கை.

ஆண்டு முழுவதும் எந்த ஞாயிறும் கொடுக்கலாம். ஆண்டு முடிவில் கட்டாயம்போலவே கொடுப்பார்கள். ஒரு கவரில் பணத்தை வைத்து, மேலே பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் இல்லாமல் தோத்திரக் காணிக்கை கிடையாது. ஆராதனையில் ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைக்குருவை அப்படித்தான் சொல்வோம்) அதை வாசிப்பார். பேரன் பிறந்ததற்காக. மகளுக்கு வேலை கிடைத்ததற்காக. பைக்கில் போனவனை லாரி இடிக்காமல் காத்ததற்காக. கிணற்றில் ஊற்று அடைபடாமல் இருந்ததற்காக. டயாலிசிஸ் செய்துகொண்டு இந்த ஆண்டையும் கடந்ததற்காக. ஊரார் முழுப்பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாலு சுவருக்குள் இருக்கிற சங்கதி அந்த இரண்டு நிமிடத்தில் ஊர்ச் சங்கதியாகிவிடும். யார் வீட்டில் எந்த வருடம் என்ன நடந்தது என்பது இப்படித்தான் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நன்றி இங்கே மனதுக்குள் பூட்டி வைக்கிற உணர்ச்சி அல்ல. காரணம் சொல்லி, பேர் சொல்லி, நாலு பேர் கேட்க வெளியே வைக்க வேண்டிய காரியம்.

என் ஆச்சிக்கு எழுதத் தெரியாது. ஆகவே டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான் பள்ளிக்கூட நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன்.

"எழுதுட்டி. உங்கப்பன் மரத்துல இருந்து பிழைச்சதுக்கு."

"அப்பாதான் பங்குனியில விழுந்துட்டாங்கல்லா ஆச்சி?"

"விழுந்தும் எந்திரிச்சாம்லா. அதை எழுது."

வெள்ளாடு குட்டி போட்டது, ஓலைக்கூரை ஐப்பசிக் காற்றுக்குத் தாங்கியது, வியாபாரி முகம் கோணாமல் தவணை கொடுத்தது, அடுத்த வீட்டுக்காரி பிரசவத்தில் மீண்டு வந்தது என்று வரிசையாகச் சொல்வாள். அடுத்த வீட்டுக்காரிக்கு நாம் ஏன் காணிக்கை போட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கேட்டால், "அவ செத்திருந்தா அந்தப் பிள்ளைய நாந்தானட்டி வளத்திருக்கணும்" என்பாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வருடம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி நம்ம கூட எட்டு மாசம் இருந்ததுக்கு" என்றாள்.

எனக்குப் பென்சில் ஓடவில்லை. தம்பி அந்த ஆவணியில்தான் காய்ச்சலில் போயிருந்தான்.

"அவன்தான் செத்துட்டாம்லா ஆச்சி."

"இருந்தாம்லா. எழுது."

அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். சட்டி கழுவும் சத்தம் நின்றது. நான் எழுதினேன். மறுநாள் ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து, காசையும் அந்தத் தாளையும், ஐயர் இல்லாத நாட்களில் ஆராதனை நடத்தும் உபதேசியார் கையில் கொடுத்தாள். ஆராதனையில் அந்த வரி வந்தபோது அவர் நிதானித்து, தம்பியின் முழுப்பேரையும் சேர்த்து வாசித்தார். சபையில் அவன் பேர் வாசிக்கப்பட்டது அதற்கு முன் அவனுடைய ஞானஸ்நானத்தில் ஒரு தடவை, அடக்கத்தில் ஒரு தடவை. இது மூன்றாவது. முதல் இரண்டும் முறைப்படி நடந்தவை. மூன்றாவதை ஒரு கிழவி கேட்டு வாங்கினாள்.

பின்னாளில் வேதபாடம் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தபோதுதான் ஆச்சி செய்ததன் அடிப்படை பிடிபட்டது. சங்கீதம் 103-இல் தாவீது தன் ஆத்துமாவைக் கூப்பிட்டு, தனக்குச் செய்யப்பட்ட உபகாரங்கள் எதையும் மறக்கக் கூடாது என்று கட்டளையிடுகிறார். கவனித்துப் பாருங்கள்: உற்சாகமாக இரு என்று அவர் தன் ஆத்துமாவிடம் சொல்லவில்லை, ஞாபகம் வைத்துக்கொள் என்கிறார். இஸ்ரவேலருக்கு மோசே திரும்பத் திரும்பச் சொன்னதும் அதுவே; எகிப்தில் அடிமையாக இருந்ததை மறந்தால் வீட்டு வாசலில் நிற்கும் பரதேசியையும் மறந்துவிடுவீர்கள் என்பதே அவருடைய பயம். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் குணமாகிறார்கள், ஒருவன் திரும்பி வருகிறான். அவன் சமாரியன், யூதர்கள் தள்ளி வைத்திருந்த இனத்தான். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று அங்கே எழுதியில்லை. சுகமான சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். திரும்பி நடப்பதற்கு ஞாபகம் வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த ராத்திரி. மறுநாள் என்ன நடக்கப்போகிறது என்று இயேசுவுக்குத் தெரியும். பந்தியில் இருக்கிறவர்களில் ஒருவன் விற்றுவிட்டான், இன்னொருவன் மறுதலிக்கப்போகிறான். அந்த நேரத்தில் அப்பத்தைக் கையில் எடுத்து ஸ்தோத்திரம் பண்ணுகிறார். ஒவ்வொரு திருவிருந்திலும் நாங்கள் அதைத்தான் நினைவுகூருகிறோம். கிறிஸ்தவ நன்றியின் மையம் இருட்டில், இழப்புக்கு முந்தைய மணிநேரத்தில் இருக்கிறது. கை நிறைந்த பிறகு சொல்வதை யாரும் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பாளை சீவும் காலத்தில், காசு புரளும் சித்திரை வைகாசியில், தோத்திரப் பட்டியல் எழுதி நான் பார்த்ததில்லை. மார்கழியில்தான் எழுதினார்கள். கையில் ஒன்றும் இல்லாததால் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் எழுத நிறைய இருந்தது.

இந்த மண்ணில் திருச்சபை வளர்ந்த கதையே இப்படிப்பட்ட பெயர்ப் பட்டியல்களின் கதைதான். பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதப்பட்ட முதல் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமண விதவை அவர். 1778-இல் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அவர் முயன்று கட்டிய கோயில் 1785-இல் திறக்கப்பட்டு இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சொன்னால் வழி காட்டுவார்கள். அந்த 40 பேரில் வெவ்வேறு ஜாதிக்காரர்கள் இருந்தார்கள் என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. ஏனென்றால் பின்னால் வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தைக்கூட ஜாதி பார்த்துப் பிரித்த ஊர்கள் உண்டு. முதல் பட்டியலை மறந்ததால் வந்த வினை அது.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களானதற்காகத் துரத்தப்பட்டவர்களுக்கு என்று 1799-இல் உண்டான முதல் குடியிருப்பு முதலூர். அவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த சாயர் என்ற வியாபாரியின் பெயரைச் சுமப்பது சாயர்புரம். களக்காட்டுக்கு அருகே டோனாவூர். பிரஷ்ய நாட்டுப் பிரபு ஒருவர், டோனா என்று பெயர், மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் அனுப்பிய பணத்தில் உண்டான ஊர் அது. அந்தப் பிரபு கடல் கடந்து இங்கே வந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் தன் பெயரில் ஒரு ஊர் எப்படியிருக்கும் என்று அவர் கண்டதில்லை. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி பெண்களுக்காக 1895-இல் தொடங்கியது. அந்த சாராள் தக்கரும் இந்தியாவைப் பார்த்தவரல்ல. சென்னையில் மிஷன் வேலையில் இருந்த சகோதரரின் கடிதங்கள் வழியாகத்தான் எங்களை அறிந்தார், உடல்நலம் இல்லாதவர். பனையேறி மகள் ஒருத்தி ஆசிரியையாகலாம் என்று இந்த ஜில்லாவில் ஆனதற்குப் பின்னால், இங்கிலாந்தில் நோய்ப்படுக்கையில் இருந்துகொண்டு எங்களுக்காகக் காசு சேர்த்த அந்த ஒரு பெண் இருக்கிறார். முகம் தெரியாதவருக்கு எப்படி நன்றி சொல்வது? அந்த வாசல் வழியாக இன்னொரு பெண் பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போவதுதான் வழி என்று என் ஆசிரியை ஒருவர் சொன்னார். நான் அதை என்னால் முடிந்த மட்டும் செய்தேன்.

ஞாபகம் என்றால் முழு ஞாபகம் வேண்டும். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்த கோயிலைப் பார்த்தால் எவரும் கைகூப்புவார்கள். தமிழுக்கு அவர் செய்ததும் ஊரறிந்தது. அதே கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூல் பனையேறிகளான எங்கள் சமூகத்தைக் கடுமையாகப் புண்படுத்தியது. எங்கள் முன்னோர்கள் எதிர்த்து நின்றார்கள். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது புகழ்ச்சியாகும் அல்லது வசையாகும், நன்றியாகாது.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. அடைக்கலம் தேடி வந்த பெண் குழந்தைகளைப் பாதி நூற்றாண்டு வளர்த்தவர். 1951 ஜனவரி 18-ஆம் தேதி மறைந்தார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டி வைத்து, தாங்கள் அவரைக் கூப்பிட்ட சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள். ஒரு ஜனவரியில் நான் போனபோது தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. யாரோ தினமும் ஊற்றுகிறார்கள்.

இனி 31-ஆம் தேதி ராத்திரி. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில், அகதிகளாக வந்து குடியேறிய மொராவியக் கிறிஸ்தவர்கள் 1730-களில் ஆண்டின் கடைசி ராத்திரியை விழித்திருந்து ஜெபிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி விழித்திருக்கும் ராத்திரியைத் தம் சபைகளில் பரப்பினார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பழக்கத்தை 1728-இல் ஆரம்பித்தவர்களும் அந்த ஹெர்ன்ஹூட்காரர்கள்தான். புத்தாண்டு அன்று எங்கள் கோயில்களில் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம். அவர்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் உறவு பழையது: 1760-இல் மொராவியர்கள் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் பதினொரு மணிக்கு மணி அடிக்கும். பெண்கள் சேலைத் தலைப்பால் தலையையும் காதையும் மூடிக்கொண்டு வருவார்கள். சிறு பிள்ளைகள் சமுக்காளத்தில் சுருண்டு தூங்கிவிடும். தோத்திரக் காணிக்கைகள் வாசித்த பிறகு, அந்த ஆண்டில் சபையில் பிறந்தவர்கள், மணம் முடித்தவர்கள், மறைந்தவர்கள் என்று மூன்று பட்டியல் வாசிக்கப்படும். முதல் இரண்டும் வாசிக்கையில் பெஞ்சுகளில் சிரிப்பும் சலசலப்பும் இருக்கும். மூன்றாவது வரும்போது யாரும் சொல்லாமலே எழுந்து நிற்போம்.

அந்த மூன்றாவது பட்டியலில் என் வீட்டுக்காரர் பேர் வந்த வருடம் ஒன்று உண்டு. நான் தோத்திரக் கவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. மகன் கேட்டதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பேரை ஐயர் வாசித்து முடித்து அடுத்த பேருக்குப் போகும்போது, பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர், முன்னாள் பனையேறி, எழுந்து வந்து மேசையில் ஒரு கவரை வைத்தார். டீச்சர் வீட்டு ஐயா எனக்குக் கண் ஆபரேஷனுக்குக் கூட வந்ததற்காக என்று அதில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அப்படிப் போனது எனக்கே தெரியாது. அவரைப் பற்றி அவர் இறந்த பிறகு நான் அறிந்துகொண்ட புதிய செய்தி அது. நான் இழந்த ஒருவரை வேறொருவர் ஞாபகம் வைத்திருக்கிறார், என்னிடம் இல்லாத ஞாபகம் அவரிடம் இருக்கிறது என்று அன்றைக்குக் கண்டேன். துக்கத்தில் இருக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய ஆறுதலை எந்தப் பிரசங்கமும் கொடுத்ததில்லை. ஆராதனை முடிந்ததும் அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, எங்கிட்டச் சொல்லவே இல்லையே அவங்க."

"சொல்ல வேண்டாம்னுட்டாவ தாயி. இப்பச் சொல்லலாம்லா."

2023 டிசம்பரை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. 17-ஆம் தேதி, ஆகமன காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து திரும்பும்போதே மழை வலுத்துவிட்டது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. இந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற சராசரியைவிட அதிகம். தாமிரபரணி கரை தாண்டியது, குளங்கள் உடைந்தன, கரண்டும் போனும் போயின. வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. அருகில் உள்ள புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளிலும் தண்ணீர் புகுந்திருந்த நேரத்தில், இருந்த அரிசியைப் போட்டு ஊர்க் கோயிலில் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. பெட்டிக்குள் இருந்த ஞாபகங்கள், ஆச்சிக்கு நான் எழுதிக் கொடுத்த தாள்களில் மிஞ்சியிருந்தவையும் சேர்த்து, சேறாகிவிட்டன. அதற்காக அழுதேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டவில்லை, வாலிபர் சங்கத்தார் பஜனைக்கு வைத்திருந்த பணத்தில் அரிசியும் போர்வையும் வாங்கித் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். எந்தக் கோயிலுக்குப் போகிற வீடு என்று பார்க்காமல் கொடுத்தார்கள்.

31-ஆம் தேதி இந்த வருடம் யார் தோத்திரக் காணிக்கை கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். மேசை நிறைந்திருந்தது. வாழை முழுவதும் போனவர் ஒருவர், பம்புசெட் அறையின் கூரைமேல் தாமும் நாயும் ஒரு ராத்திரி உயிரோடு இருந்ததற்காகக் கொடுத்திருந்தார். ஒரு தாய், மகன் அந்த ரயிலில் இருந்ததால், அவனுக்குச் சோறு போட்ட புதுக்குடி ஜனங்களுக்காக என்று எழுதியிருந்தாள். ஐயர் அதை வாசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த ஊருக்காக எல்லாரும் ஜெபிப்போம் என்றார். ஜெபித்தோம். ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் ஆண்டு முடிவு ஆராதனையில், அம்மனைக் கும்பிடுகிற ஒரு ஊரின் பேர் காணிக்கைப் பட்டியலில் ஏறியதை நான் கேட்டேன். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த விசுவாச அறிக்கைகளில் அது ஒன்று.

இவ்வளவு அருமையான வழக்கத்துக்கு இப்போது இரண்டு பக்கத்திலிருந்து ஆபத்து வந்திருக்கிறது. பல இடங்களில் காரணத்தைச் சுருக்கி, தொகையைப் பெரிதாக வாசிக்கிறார்கள். குடும்பத்தார் வகையில் இவ்வளவு ஆயிரம் என்று மட்டும் கேட்கிறது. அதிகம் கொடுத்தவர் பெயர் ஃபிளெக்ஸில் ஏறுகிறது. குறைவாகக் கொடுக்க முடிகிறவள் கவரில் பெயர் எழுதாமல் போட்டுவிட்டுப் போகிறாள். அவள் காரணம் யாருக்கும் கேட்காமல் போகிறது. இன்னொரு பக்கம், கொடுங்கள், இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்ற பிரசங்கம். வரப்போவதற்காகக் கொடுப்பது முதலீடு. தோத்திரம் என்பது வந்துவிட்டதை நினைத்துக் கொடுப்பது. எட்டு மாதம் உயிரோடிருந்த குழந்தைக்காகக் காசு கொடுத்த ஒரு கிழவிக்கு எது இரட்டிப்பாகத் திரும்பி வந்திருக்கும்? அவள் எதையும் கேட்கவில்லை. எங்கள் முன்னோர் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் ஒதுக்கிச் சபைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடியரிசியால் கோயில்கள் எழுந்தன, உபதேசியார்கள் சாப்பிட்டார்கள், பள்ளிக்கூடங்கள் நடந்தன. அந்தப் பானையில் யார் பிடி பெரியது என்று யாரும் பார்த்ததில்லை.

சபைக் கமிட்டியில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பர் 31-ஆம் தேதி தொகையை வாசிக்க வேண்டாம். கணக்குப் புத்தகத்தில் எழுதினால் போதும். காரணத்தை முழுதாக வாசியுங்கள், அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் எழுதிக் கொடுக்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு அனுப்புங்கள். காசு இல்லை என்று வராமல் இருப்பவர்களிடம், வெறும் தாள் மட்டும் கொடுத்தாலும் வாசிப்போம் என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் சபையில் இந்த ஆண்டு அப்படித்தான் செய்யப்போகிறோம்.